தலைதட்டி அளந்த படி

என் அக்கா மகளின் பையனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. தீபத்துக்கு இன்னும் மூன்று வாரம். தேரடி வீதியில் பெரிய தேரை மூடியிருந்த தகரத்தைக் கழற்றிச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை விட்டும் விடாமலும் பெய்தது. பையனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். தூங்கும்போது நெஞ்சு இழுத்து இழுத்து அடங்கியது. ஊரிலேயே ஓரிடத்தில் நெஞ்சுப் படம் எடுத்தோம். வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் திட்டுத்திட்டாக வெண்மை தெரிகிறது, நிமோனியாவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. மனம் கேட்காமல் மறுநாள் அதே பிலிமை இன்னோர் இடத்தில் காட்டினோம். அங்கே எழுதித் தந்த தாளில் நிமோனியா என்ற சொல்லே இல்லை. பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ், அதாவது மூச்சுக்குழல்களும் ரத்தக்குழாய்களும் படத்தில் போடும் கோடுகள், சற்றுக் கூடுதலாகத் தெரிகின்றன, மற்றபடி ஒன்றுமில்லை என்று இருந்தது. இரண்டு தாளும் ஒரே வாக்கியத்தில் முடிந்தன: நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

"ஒரே படம்தான மாமா? இவரு ஒண்ணு எழுதறாரு, அவரு ஒண்ணு எழுதறாரு. புள்ள நெஞ்சுல சளி கட்டியிருக்குதா இல்லயா, அத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றாள் அவள்.

குழந்தை மருத்துவர் இரண்டு தாளையும் வாங்கி மேஜைமேல் வைத்தார். பையனின் சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். 52. விலாவுக்குக் கீழே சதை உள்ளே இழுக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு மருந்து எழுதினார். ஒரு வாரத்தில் பையன் தேறிவிட்டான். அக்கா மகள் கேட்ட கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

திருவண்ணாமலைக்காரனுக்கு ஒரே பொருள் பலவாகத் தெரிவது புதிதல்ல. கிரிவலம் 14 கிலோமீட்டர் நடக்கையில் மலை முகத்தை மாற்றிக்கொண்டே வரும். ஊருக்குள்ளிருந்து ஒற்றைச் சிகரமாக நிற்பது, பாதையில் ஓரிடத்தில் ஐந்து முகமாக விரியும். மலையின் வடிவம் பற்றி இருவர் மாறுபட்டால், எங்கே நின்று பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும், பேச்சு தீர்ந்துவிடும். பையனின் படத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இருவரும் ஒரே பிலிமைத்தான் வெளிச்சத்தில் பிடித்தார்கள். நின்ற இடம் ஒன்று, பார்த்த பொருள் ஒன்று, எழுதியது மட்டும் இரண்டு. அப்படியென்றால் வேறுபாடு எங்கே நுழைகிறது?

எங்கள் பாட்டி ஊர் ஆரணிப் பக்கம். களத்திலிருந்து நெல் வந்து இறங்கியதும் அவள்தான் அளப்பாள். முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டாள், 'லாபம்' என்பாள். அடுத்ததிலிருந்து ரெண்டு, மூணு. கூலிக்கு அளக்கும்போது படி நிறைந்து கூம்பாகக் குவிந்து, ஓரத்தில் வழிய வழிய அளப்பாள். வியாபாரிக்கு அளக்கும்போது விளிம்போடு விரலை ஓட்டித் தலைதட்டிக் கொடுப்பாள். படி ஒன்றுதான். கை இரண்டு விதம். இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை; குவித்த படி, தலைதட்டிய படி என்று இரண்டுக்கும் பெயர் இருந்தது, வாங்குபவருக்கும் தெரிந்திருந்தது. சிக்கல் ஊர் தாண்டினால்தான். பெரிய படி புழங்கும் ஊரிலிருந்து சின்னப் படி புழங்கும் ஊருக்குக் கணக்குச் சொல்லும்போது எண் பொருளற்றுப் போகும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்க ஒரு கல்லும் நெல்லை அளக்க ஒரு மரக்காலும் 'ஆடவல்லான்' என்ற பெயரால் குறிக்கப்படுகின்றன. எத்தனையோ ஊர்களிலிருந்து நெல் வந்து சேரும் இடத்தில் எந்த ஊர்ப் படியையும் நம்ப முடியாது. அளவுக்கு ஆண்டவன் பெயரை வைத்தார்கள், யாருடைய கையும் அதைத் தன்னுடையது என்று சொல்லாதபடி. நெஞ்சுப் படத்துக்கும் அப்படி ஒரு மரக்கால் தேவை என்பதை மருத்துவ உலகம் வேறொன்றைத் தேடப்போன இடத்தில்தான் கண்டுகொண்டது.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. பெருங்கூட்டத்துக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்ய எந்த வகைப் படம் சிறந்தது? பெரிய பிலிமா, காகிதத்தில் எடுக்கும் படமா, செலவு குறைந்த 35 மில்லிமீட்டர் சின்னப் படமா? 1,256 பேரை எல்லா வகையிலும் படமெடுத்தார்கள். அனுபவமுள்ள ஐந்து பேர் தனித்தனியே பார்த்தார்கள். 1947இல் முடிவு வெளிவந்தபோது, பிலிம்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிடப் பார்த்தவர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. நோயின் தடயம் உள்ள படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒருவர் கண் தவறவிடுகிறது. அதைவிட மனத்தைத் தைப்பது அடுத்த செய்தி. கொஞ்ச காலம் கழித்து அதே படங்களை அதே ஆளிடம் கொடுத்தபோது, ஐந்தில் ஒன்று என்ற கணக்கில் அவர் தன்னுடைய பழைய தீர்ப்பையே மறுத்திருந்தார். அந்த ஆய்வின் கணக்கைப் பார்த்த புள்ளியியலாளர் ஜேக்கப் யெருஷால்மி, ஒரு சோதனை நோயைத் தவறவிடாமல் பிடிக்கும் திறனுக்கும், நோயில்லாதவரைச் சரியாக விட்டுவிடும் திறனுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். இன்று மருத்துவக் கல்லூரி முதல் கொரோனாக் காலத்துப் பத்திரிகைச் செய்தி வரை புழங்கும் அந்த இரண்டு அளவுகளும் நெஞ்சுப் படத்தின் முன்னால் இருவர் ஒத்துப்போகாத சங்கடத்திலிருந்து பிறந்தவை.

இதைப் படித்தபோது அந்த ரிப்போர்ட்களை எழுதிய இருவர்மேலும் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். கண்ணின் இயல்பு அது. இருட்டில் சாம்பல் நிறத்தின் ஐம்பது அடுக்குகளுக்கு நடுவே இது நோய், இது நோயில்லை என்று ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது அவரவர் படித்த கல்லூரி, பார்த்த நோயாளிகள், தவறவிட்டு வருந்திய ஒரு பழைய படம், அன்று காலையிலிருந்து பார்த்த படங்களின் எண்ணிக்கை என்று எல்லாம் சேர்ந்து முடிவாகிறது. குவித்து அளக்கும் கையும் தலைதட்டும் கையும்போல.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை மிகவும் பொறுப்போடு எடுத்துக்கொண்ட இடம் சென்னைச் சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. நாடு முழுக்க எடைக்கும் அளவுக்கும் ஒரே முறையைக் கொண்டுவந்த சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1956இல்தான். பாட்டியின் படி பரணுக்குப் போய் லிட்டர் வந்தது. சேத்துப்பட்டில் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் கேட்கப்பட்ட கேள்வி ஏழைகளுக்கு உயிர்க் கேள்வி. காசநோய்க்காரர் சானட்டோரியத்தில் படுத்துத்தான் ஆக வேண்டுமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் ஆகாதா? 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். பாதிப்பேர் நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள சானட்டோரியத்துக்கு; மீதிப்பேர் நெருக்கமான குடிசைகளுக்கே திரும்பினார்கள். ஒரு வருடம் கழித்து நுரையீரல் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பவருக்கு இது வீட்டு நோயாளி, இது சானட்டோரிய நோயாளி என்று தெரிந்துவிட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மனம் ஒரு பக்கம் சாயும். அதனால் சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவர், யார் படம் என்று தெரியாமல் பார்த்தார். வீட்டுச் சிகிச்சை சோடைபோகவில்லை என்று 1959இல் வெளிவந்த முடிவு உலகத்தின் சானட்டோரியங்களை மூட வைத்தது. அந்த முடிவுக்கு அடியில், பெயர் மறைக்கப்பட்ட பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரின் கட்டுப்பாடு இருக்கிறது.

பிறகு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், பி.சி.ஜி. தடுப்பூசியின் மிகப்பெரிய சோதனை தொடங்கியது. பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள கிராமத்து மக்களையெல்லாம் சின்னப் பிலிமில் படமெடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்தார்கள். யாருடைய சளியைச் சோதிப்பது என்பதை அந்தப் பார்வையே தீர்மானித்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற விடை பலருக்கும் உவப்பாக இல்லை. விடை உவப்பில்லாதபோது பார்த்தவர் யார், எப்படிப் பார்த்தார் என்ற கேள்வி முதலில் எழும். இருவர் கண்ணை முன்கூட்டியே பிரித்து வைத்ததன் அருமை அப்போது தெரியும்.

என் அக்கா மகளின் கேள்விக்கு நேரான விடை வடக்கே இருந்தது. போளூர், கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வேலூர் பஸ் போகிறதே, அந்த வழியின் முடிவில். 1989இல் எங்கள் மாவட்டம் பிரியும்வரை வேலூர்தான் எங்களுக்குத் தலைநகர். பெரிய நோய் என்றால் இன்றும் கால்கள் அந்தப் பக்கம்தான் நடக்கும். வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன் என்ற குழந்தை மருத்துவரும் நுண்ணுயிரியலாளர் டி. ஜேக்கப் ஜானும் மற்றவர்களும் சேர்ந்து 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயும் ரத்தச் சோதனையும் எட்டாத ஊரில், குழந்தையின் நுரையீரலில் நோய் இறங்கிவிட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? மூச்சை எண்ணுங்கள் என்றது ஆய்வு. ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு ஐம்பதைத் தாண்டினால், ஒரு வயதுக்கு மேல் நாற்பதைத் தாண்டினால், நெஞ்சு உள்ளிழுத்தால், கவலைப்பட வேண்டும். கிராமச் செவிலியர் கையில் கடிகாரத்தோடு குழந்தையின் மூச்சை எண்ணும் வழக்கம் உலகெங்கும் பரவியதில் இந்த வேலூர் ஆய்வுக்கும் பங்குண்டு. மருத்துவர் 52 என்று எண்ணியபோது அவர் கையிலிருந்ததும் ஒரு மரக்கால்தான், அதுவும் எங்கள் பக்கத்து ஊரில் சரிபார்க்கப்பட்ட மரக்கால். இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட உவகையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு தாளையும் அவர் ஓரமாக வைத்தது அலட்சியத்தால் அல்ல.

அதே தாமஸ் செரியன் பிறகு ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்துக்குப் போனார். அங்கே எதிர்கொண்டது வேறு சிக்கல். நிமோனியாவைத் தடுக்க நியூமோகாக்கல் தடுப்பூசி வந்துகொண்டிருந்தது. காம்பியாவில் ஒரு சோதனை, தென்னாப்பிரிக்காவில் ஒன்று, பிலிப்பைன்ஸில் ஒன்று. ஊசி போட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது, போடாதவர்களில் எத்தனை பேருக்கு என்று எண்ண வேண்டும். மூச்சு எண்ணிக்கை இங்கே போதாது. அது ஒரு குழந்தையையும் தவறவிடக் கூடாது என்று அகலமாக விரித்த வலை. சாதாரண வைரஸ் சளியும் அதில் விழும். எக்ஸ்ரே வேண்டும். ஆனால் ஒரு நாட்டு மருத்துவர் நிமோனியா என்பதை இன்னொரு நாட்டவர் மார்க்கிங்ஸ் என்று எழுதினால், மூன்று நாட்டு எண்களை ஒரே வரிசையில் வைக்கவே முடியாது.

2001இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. முதல் கேள்வி நோயைப் பற்றியதே இல்லை, படத்தைப் பற்றியது. இந்தப் படம் பார்க்கத் தக்கதா? தக்கதல்ல என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்தது, நுரையீரலின் ஒரு மடலிலோ அதன் ஒரு பகுதியிலோ அடர்த்தியான, பஞ்சுப்பொதிபோன்ற வெண்மை இருக்கிறதா, அல்லது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இருந்தால் அது கணக்கில் சேரும் நிமோனியா. கோடுகளாகவோ வலைப்பின்னலாகவோ சிறு திட்டுகளாகவோ தெரிந்தால் 'வேறு படிவு' என்று தனிப் பெட்டி. அவ்வளவுதான். பார்ப்பவர் மனத்தில் தோன்றும் 'இருக்கலாம்', 'ஒருவேளை', 'சற்றே' எதற்கும் அங்கே இடமில்லை. இருவர் தனித்தனியே பார்ப்பார்கள். மாறுபட்டால் மூன்றாமவர் பார்ப்பார்.

வரையறை எழுதிவிட்டால் கண்கள் ஒத்துப்போய்விடுமா? செரியனும் கிம் மல்ஹாலண்டும் மற்றவர்களும் அதையும் சோதித்து 2005இல் எழுதினார்கள். ரேடியாலஜிஸ்ட்களும் குழந்தை மருத்துவர்களுமாக 20 பேர், 222 படங்கள். அவற்றில் பார்க்கத் தக்கவை 208. குழு கூடி முடிவு செய்த தீர்ப்பின்படி அவற்றில் 43 விழுக்காடு கணக்கில் சேரும் நிமோனியா. இருபது பேரில் ஒருவர் 8 விழுக்காடு என்றார், இன்னொருவர் 61 விழுக்காடு என்றார். அந்த வரியை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். எட்டு எங்கே, அறுபத்தொன்று எங்கே! அதே படங்கள், கையில் அதே வரையறை. இருபது பேரில் 13 பேர் குழுவின் தீர்ப்போடு நன்றாகவே ஒத்துப்போனார்கள். தற்செயலாகவே ஒத்துப்போகும் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் 'கப்பா' என்ற அளவில் அவர்கள் 0.6ஐத் தாண்டினார்கள். (நாணயம் சுண்டி எழுதும் இருவர்கூடப் பாதி முறை ஒத்துப்போவார்கள் அல்லவா, அதைக் கழித்தாக வேண்டும்.) மற்ற ஏழு பேரும் படித்தவர்கள்தான், அனுபவசாலிகள்தான். ஆக, வரையறையைத் தாளில் கொடுத்தால் போதாது. மாதிரிப் படங்களைக் காட்டி, இதைச் சேர், இதை விடு என்று கையைப் பழக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான்: விரலை விளிம்போடு ஓட்டு, அழுத்தாதே, உதறாதே.

இந்தப் பழக்கத்தில் ஒருவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். முப்பது வருடம் படம் பார்த்த ஒருவருக்கு வரையறைக்குள் அடங்காத ஓர் உள்ளுணர்வு இருக்கும். இது நிமோனியாதான் என்று அவர் மனம் சொல்லும். சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் வெண்மை போதிய அடர்த்தியில்லை என்பதால் 'வேறு படிவு' பெட்டியில் குறி போட வேண்டும். குவித்த கூம்பைத் தன் கையாலேயே வழித்துத் தள்ளுவது. பார்த்தே இராத ஒரு நாட்டில், பார்த்தே இராத ஒருவர் போடும் குறியோடு தன் குறி கூட்டப்பட வேண்டும் என்பதற்காக. இதை நான் மரியாதைக்குரிய செயலாகக் கருதுகிறேன்.

அதன் பயன் காம்பியாவில் தெரிந்தது. 17,437 குழந்தைகள். 2005இல் வெளிவந்த முடிவில், மருத்துவர் கண்ணால் பார்த்தும் மூச்சை எண்ணியும் நிமோனியா என்று சொன்னவற்றில் ஊசி 7 விழுக்காட்டைத்தான் குறைத்திருந்தது. வரையறைப்படி படம் பார்த்துக் கணக்கிட்ட நிமோனியாவில் குறைவு 37 விழுக்காடு. ஒரே ஊசி, அதே குழந்தைகள். அகலமான வலையில் வைரஸ் சளியெல்லாம் சேர்ந்து விழுந்ததால் ஊசியின் வேலை அதற்குள் கரைந்துபோயிருந்தது. படத்தின் அடர்ந்த வெண்மையை மட்டும் எண்ணியபோது அது மேலே வந்தது. குழந்தை இறப்பே 16 விழுக்காடு குறைந்திருந்தது. 7 என்ற எண் மட்டும் மேஜைக்கு வந்திருந்தால், பணம் எண்ணிச் செலவழிக்கும் அரசுகள் எவ்வளவு தயங்கியிருக்கும்! இந்தியாவில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கிய அந்த ஊசி 2021இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுகிறார்கள். செங்கத்திலும் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலும் குழந்தையின் தொடையில் இறங்கும் அந்த ஊசிக்குப் பின்னால், தங்கள் உள்ளுணர்வை வழித்துத் தள்ளிப் பெட்டியில் குறி போட்டவர்களும் இருக்கிறார்கள்.

வழித்துத் தள்ளியது வீணா என்றால், இல்லை, அதிலும் நெல் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் அதே ஊசியைச் சோதித்தவர்கள் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள். விழுக்காட்டில் படக் கணக்கு உயர்ந்து நின்றாலும், தலையெண்ணிப் பார்த்தால் ஊசி தடுத்த நிமோனியாவில் பாதிக்கும் மேல் அந்த வரையறைக்கு வெளியே இருந்தது. 'வேறு படிவு' பெட்டியில் விழுந்த குழந்தைகளிலும் சிலருக்கு, ஊசி தடுக்கும் அதே கிருமிதான். வழிகாட்டியை எழுதியவர்களுக்கு இது தெரியும். இந்த வரையறை ஆய்வுக் கணக்குக்கு, ஒரு குழந்தைக்கு மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க அல்ல என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆடவல்லான் மரக்கால் கோயில் கணக்குக்கு. கூலிக்காரர் முந்தானையில் விழும் நெல்லைப் பாட்டி குவித்துத்தான் அளந்தாள், அப்படித்தான் அளக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆய்வும் கெடும், சிகிச்சையும் கெடும். செரியன் கைபட்ட இரண்டு வேலைகளும், வேலூரில் மூச்சை எண்ணியதும் ஜெனீவாவில் படத்துக்குப் பெட்டி போட்டதும், எனக்கு இப்படித்தான் சேர்ந்து பொருள்படுகின்றன.

படம் பயணம் செய்வது எப்போதோ தீர்ந்துபோன சிக்கல். டைகாம் என்ற ஒப்பந்தம் 1993இல் அந்தப் பெயரைப் பெற்றது. எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்த ஸ்கேனும் எந்த ஊர்க் கணினியிலும் இன்று திறக்கிறது. சொல் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. சில இடங்களில் முயன்றிருக்கிறார்கள். மார்பகப் படத்துக்கு அமெரிக்க ரேடியாலஜிக் கல்லூரி 1990களில் கொண்டுவந்த பைராட்ஸ் என்ற முறையில் 0 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 2 என்றால் பயமில்லை, 4 என்றால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் எடுத்த படத்துக்கான 4, திருவண்ணாமலையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கும் அதே 4. அந்த எண்ணைக் கையில் வாங்கும் பெண்ணின் நெஞ்சு என்னவாகும் என்பது வேறு பேச்சு. ஆனால் 'சந்தேகத்துக்கிடமானதாகத் தோன்றலாம்' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

இப்போது கண்ணுக்குப் பதில் கணினியும் வந்துவிட்டது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சுப் படத்தில் காசநோய்ச் சாயல் இருக்கிறதா என்று கணினி பார்க்கலாம் என 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரேயோடு ஊர் ஊராகப் போகும் முகாம்களுக்கு இது பெரிய துணை. கணினி ஒரு மதிப்பெண் தருகிறது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளியைச் சோதிப்பது? ஒரு மென்பொருளின் 60 இன்னொன்றின் 60 அல்ல. அந்த வரம்பை அந்தந்த இடத்து மக்களை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். சின்னப் படி, பெரிய படிப் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

எங்கள் ஊரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வீதிக்கு வீதி ஸ்கேன் சென்டர் இருக்கிறது. ஆய்வுக் கூடங்களின் கட்டுப்பாட்டை அப்படியே தூக்கிவந்து இங்கே போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு நூறு படம் பார்க்கிறவரை மூன்று பேராகப் பார் என்று சொல்வது நடக்காது. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அந்த வழிகாட்டியின் முதல் கேள்வியை, இந்தப் படம் பார்க்கத் தக்கதா என்ற கேள்வியை, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் முதல் வரியாக எழுதலாமே. குழந்தைகளின் படத்தில் அது சின்ன விஷயமில்லை. பெரியவரிடம் 'மூச்ச இழுத்துப் புடிங்க' என்றால் பிடிப்பார். ஒன்றேகால் வயதுப் பிள்ளை எப்படிப் பிடிக்கும்? வீறிட்டு அழுது காற்றையெல்லாம் வெளியே விட்ட நொடியில் படம் விழுந்தால் நுரையீரல் சுருங்கி, நோயே இல்லாமல் வெள்ளை ஏறித் தெரியும். உடம்பு கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு பக்கம் வெளுக்கும். குழந்தைகளுக்கு நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி படகின் பாய்போல நிழல் விழுத்திப் பழக்கமில்லாத கண்ணைக் குழப்பும். பார்க்கத் தக்கதல்ல என்று எழுதுவதற்கு உலகத்தின் தேர்ந்த கண்களுக்கே ஒரு பெட்டி ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்த இரண்டு தாளிலும் அப்படி ஒரு வரி இல்லை.

போன தீபத்துக்கு அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி நின்று, கொப்பரையில் எப்போது ஏற்றுவார்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த அந்தப் பிலிமைக் கேட்டு வாங்கினேன். ஓரம் சுருண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விலா எலும்புகள் நெருக்கமாக இருந்தன. உதரவிதானம் மேலே ஏறி நின்றது. பார்க்கத் தெரிந்தவன் அல்ல நான். இருந்தாலும் படம் எடுக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்டேன்.

"என்னா செய்வான், கத்துனான். அவங்க அப்பா கையிரண்டையும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சாரு, நான் கால அமுக்கிப் புடிச்சேன். மூச்சு முட்டக் கத்திக்கினே இருந்தான் மாமா. எடுத்தவரு பாவம், ரெண்டு மூணு தடவ நின்னு நின்னு பாத்துட்டு எடுத்துட்டாரு."

மாடியில் பையன் அரோகரா என்று கூவினான். கீழே வீதியெங்கும் அதே குரல் எழுந்தது. பிலிமை உறைக்குள் போடும் முன், உறையின் மேல் தேதிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: அழுதுகொண்டிருந்தான்.